வாளி அடுப்பும் ஒரு புயல் ராத்திரியும்

செலியமேட்டில் உட்கார்ந்துகொண்டு குளிரைப் பற்றிப் பதிவு எழுதினால் ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிங்க, பரவாயில்லை. மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினாலே மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வருகிற ஆளுங்க நாங்க.

ஆனா எங்களுக்கும் ஒரு குளிர் உண்டு. அது மாசம் பார்த்து வராது, புயலோடு வரும். கட்டியிருக்கிற துணி, போர்த்தியிருக்கிற போர்வை, படுத்திருக்கிற பாய் எல்லாம் நனைந்து, கரண்டும் போய், ராத்திரி முழுக்கக் காத்து அடிச்சா 23 டிகிரியிலேயே வயசானவங்களுக்குப் பல் கிட்டிக்கும். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே 'தானே' கரையைக் கடந்தப்போ பார்த்தோம். 2024 நவம்பர் 30 ராத்திரி 'ஃபெஞ்சல்' வந்தப்போ மறுபடியும் பார்த்தோம். அந்தப் புயல் கரையைத் தாண்டியும் நகராமல் எங்க தலைமேலேயே மணிக்கணக்கா நின்னுது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை.

அந்த ராத்திரி எங்க வீட்டில் நடந்த ஒரு சமாச்சாரம்தான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேலா கையில் கிடைச்சதைப் படிச்சு, வயசானவங்களைக் கேட்டுச் சேர்த்ததுதான் மீதி.

எங்க வீட்டில் ஒரு வாளி அடுப்பு உண்டு. பெரிய வஸ்து ஒண்ணும் இல்லை. பழைய இரும்பு வாளி. கீழே பக்கவாட்டில் சாம்பல் அள்ள ஒரு சதுர ஓட்டை. நடுவில் நாலைந்து கம்பி. உள்ளே சுற்றிலும் களிமண் பூச்சு. மேலே பாத்திரம் உட்கார மூணு குமிழ். கைப்பிடி இருப்பதால் திண்ணை, தோட்டம், மாட்டுக் கொட்டகை, எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம். கேஸ் வந்த பிறகு பொங்கலுக்கு வெந்நீர் போடுறதோட அதுக்கு வேலை முடிஞ்சுது.

அன்னிக்குச் சாயங்காலமே கரண்ட் இல்லை. வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆயா, தம்பியோட அஞ்சு மாசக் குழந்தை. ஆயாவுக்குக் கை கால் ஜில்லுன்னு ஆயிடுச்சு. குழந்தைத் துணி ஒண்ணும் காயலை. விறகு எல்லாம் நனைஞ்சு கிடக்கு. பரணில் ஒரு சாக்கு கொட்டாங்குச்சி மட்டும் காய்ஞ்சு இருந்தது. தாழ்வாரத்தில் வாளி அடுப்பை வைத்துக் கொளுத்தினோம். புகை அடங்கி, கொட்டாங்குச்சி எல்லாம் செக்கச்செவேல்னு கனலா ஆன பிறகு, 'இப்பதான் புகை இல்லையே'ன்னு நானும் தம்பியும் உள் ரூமுக்குத் தூக்கிட்டுப் போனோம். சாரல் அடிக்குது, கொசு வருதுன்னு ஜன்னல், கதவு ரெண்டையும் சாத்தியாச்சு. ரூம் கதகதன்னு ஆச்சு. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் ஒரே பெருமை.

முக்கால் மணி நேரம் இருக்கும். தலை கனத்தது. அலைச்சல்னு நெனச்சேன். தம்பி மனைவி வாந்தி வருதுன்னு எழுந்தவங்க சுவரைப் பிடிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. குழந்தை அழாமத் தூங்குதேன்னு அதுவரைக்கும் சந்தோஷப்பட்டுட்டு இருந்தோம். படுத்திருந்த ஆயாதான் கத்தினாங்க: "டேய், நெருப்ப வெளிய வைங்கடா! கதவத் தொறடா மொதல்ல!"

தொறந்தோம். மழையும் காத்தும் உள்ளே அடிச்சுது. குழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினோம். கொஞ்ச நேரத்தில் அது வீல்னு அழ ஆரம்பிச்சுது. அந்த அழுகையை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு இருப்பது அவங்களுக்குத் தெரியாது. இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தூக்கிட்டுப் போனேன்! புகை இல்லாட்டி ஆபத்து இல்லைன்னு மூளையில் எங்கேயோ பதிஞ்சு கிடந்திருக்கு.

சரி, வரலாற்றுக்கு வருவோம். என் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான்: நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்கான வருஷமா நெருப்புச் சட்டியை வீட்டுக்குள் வைத்துக் குளிர் காய்ந்திருக்காங்களே, அவங்களுக்கு எப்படி ஒண்ணும் ஆகலை?

காய்ந்திருக்காங்க என்பதில் சந்தேகமே வேண்டாம். பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையைப் புரட்டிப் பாருங்க. அது கூதிர் காலப் பாட்டு, அதாவது நம்ம ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மழை பெய்து தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளம். கோவலர்கள் மாட்டை மேட்டு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கையில் கொள்ளிக்கட்டை, ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை. (2024 டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில் வந்து சொரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் புகுந்தப்போ மாடுகளை மேட்டுக்கு ஓட்டினவங்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.)

அப்புறம் பாட்டு ஊருக்குள்ளே வருது. வேனிலில் தென்றலுக்காகத் திறந்து வைக்கும் ஜன்னல்கள் எல்லாம் இப்போ தாழ் போட்டுக் கிடக்கு. குறுகிய வாய் உள்ள கன்னலில் இருக்கிற தண்ணியை யாரும் குடிக்கவில்லை. அகன்ற வாய் உள்ள 'தடவு' என்ற சட்டியில் இருக்கிற நெருப்பைத்தான் தேடுகிறார்கள். தடவு என்றால் கணப்புச் சட்டி. தூக்கிக்கொண்டு போகிற அடுப்பு. ஆக, சாத்தின ஜன்னலும் நெருப்புச் சட்டியும் அடுத்தடுத்து வருது. நான் அன்னிக்குச் செய்த அதே ஏற்பாடு!

வள்ளுவரும் விடவில்லை. மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்து முதல் குறளில் (691) ராஜாகிட்ட எப்படி இருக்கணும்னு சொல்ல அவர் எடுத்த உவமையே குளிர் காய்கிறவன்தான். ரொம்ப விலகவும் கூடாது, ரொம்ப நெருங்கவும் கூடாது. படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த அனுபவம் என்பதால்தானே உவமையாச்சு? இன்னிக்கும் 'ஊரான் சண்டையில குளிர் காயுறான்'னு பேசுறோம். வெயில் நாடு, ஆனா சொல் மட்டும் போகலை.

சொற்களும் ஒண்ணு ரெண்டு இல்லை. தடவு, கணப்பு, இந்தளம் (இந்தப் பேரில் தேவாரத்தில் ஒரு பண்ணும் உண்டு), கும்மட்டி. இந்தக் கும்மட்டிதான் நம்ம வீடுகளில் கரி போட்டு எரித்த குமுட்டி அடுப்பு. இரும்பு, மண் ரெண்டிலேயும் உண்டு. இதே குடும்பத்தில் சின்னப் பிள்ளைதான் குழந்தைக்குச் சாம்பிராணி போடுற தூபக்கால்.

எனக்குத் தெரிந்து இந்தக் குடும்பத்தில் ரொம்பச் சாமர்த்தியமான ஆள் மரத்தூள் அடுப்புதான். கேஸ் இல்லாத, கிருஷ்ணாயிலுக்கு ரேஷன் கடையில் கேனோடு நின்ற காலத்து அடுப்பு. தகர டின்னில் கீழே பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதில் ஒரு கட்டையைச் செருகி, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி இடித்து இறுக்கணும். அப்புறம் பாட்டிலையும் கட்டையையும் மெதுவா உருவி எடுக்கணும். நடுவில் ஒரு குழாய், கீழே காத்து வர வழி. ஒரு தடவை பத்த வெச்சா ஊதுறதும் இல்லை, தள்ளுறதும் இல்லை. ரெண்டு மூணு மணி நேரம் தானா எரியும். பாட்டிலை உருவும்போது கை ஆடினா மொத்தமும் சரிஞ்சுடும், முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சின்ன வயசில் அதை உருவித் திட்டு வாங்காத பிள்ளை எங்க தெருவில் கிடையாது. (என் வாழ்க்கையில் பார்த்த முதல் இன்ஜினியரிங் பிராஜக்ட் அதுதான்.) ஆனா அது எரிந்தது எங்கே? தோட்டத்துப் பக்கம், இல்லைன்னா தாழ்வாரத்தில். உள்ளே இல்லை.

சரி, உள்ளே எரிந்த சட்டிகள்? ஆயாவைக் கேட்டேன். மழைக்காலத்தில் அவங்க வீட்டில் சட்டியில் நெருப்பு அள்ளி உள்ளே வைப்பாங்களாம். குழந்தை பெத்தவ படுத்திருக்கிற இடத்திலும் வைப்பாங்களாம். "அப்ப ஒண்ணும் ஆவலியா ஆயா?"

"அது கூர வூடுடா. மேல பாத்தா ஆகாசம் தெரியும். இது பொட்டி மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க."

என் கேள்விக்கு நான் படிச்ச எதையும் விட நேரான பதில் இதுதான். நகருகிற அடுப்புக்கு எந்தக் காலத்திலும் புகைபோக்கி இருந்ததில்லை. வீடுதான் அதோட புகைபோக்கி. பனை ஓலைக் கூரை, வைக்கோல் கூரை, நாட்டு ஓடு எல்லாமே மேலே மூச்சு விடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளி. சூடான காத்து மேலே போய் அப்படியே வெளியேறிடும், கீழே கதவு இடுக்கில் புதுக் காத்து வந்துடும். வீட்டை மாத்தினோம். பாகூர் பக்கம் கூரை வீடுகள் போய், அரசாங்கத்தோட கல்வீட்டுத் திட்டங்களும் சொந்தக் கடனுமா கான்கிரீட் வந்தது. புயலுக்கும் தீ விபத்துக்கும் அது எவ்வளவோ மேல், அதில் மாத்துக்கருத்தே இல்லை. ஆனா அடுப்போட புகைபோக்கியை இடிச்சுட்டோம் என்பது யாருக்கும் உறைக்கலை. கேஸ் வந்துட்டதால் உறைக்க வேண்டிய தேவையும் இல்லை. புயல் ராத்திரி வரும் வரைக்கும்!

அதுக்காகப் பழைய காலம் பொற்காலம்னு கதை விட மாட்டேன். அந்தக் கூரை வீட்டுப் புகை உடனே கொல்லலை, அவ்வளவுதான். கண்ணையும் நுரையீரலையும் வருஷக்கணக்கில் தின்றது, அதுவும் பெரும்பாலும் பெண்களுடையதை. அதைச் சரி பண்ணத்தான் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்தன. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தா மகன்வாடியில் இருந்து 'மகன் சூல்ஹா'வைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு புகையில்லா அடுப்பு ஒண்ணை வடிவமைத்து 1953-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1980-களில் மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புத் திட்டம் கொண்டுவந்து, 2002-ல் நிறுத்துவதற்குள் நாடு முழுக்க 3 கோடிக்கு மேல் அடுப்பு கொடுத்தது. பெரும்பாலும் சுவரோரம் கட்டி, கூரைக்கு மேல் குழாய் விட்டவை. அந்தத் திட்டத்திலும் தூக்கிட்டுப் போகிற இரும்பு அடுப்புகள் இருந்தன. அதுக்குப் புகைபோக்கி கிடையாது. வைக்கவும் முடியாது. வெச்சா நகராதே!

இப்போ கொஞ்சம் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போவோம். காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம் முதல் உலகப் போரில் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. இங்கே இருந்து கப்பல் ஏறிப் போனவங்க. 1914-18 பிரான்ஸ் பதுங்குகுழிகளில் குளிர் தாங்காத சிப்பாய்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாளியிலும் எண்ணெய் டின்னிலும் சுற்றிலும் ஓட்டை போட்டு, கரியும் கோக்கும் நிரப்பிக் கொளுத்தினார்கள். அச்சு அசலா எங்க வீட்டு வாளி அடுப்பு! மண்ணுக்குள்ளே குடைந்த மூடின குழிகளுக்குள்ளே அதைக் கொண்டுபோனவர்கள் சிலர் காலையில் எழுந்திருக்கவில்லை. குண்டு படாமலேயே.

அதே பிரான்ஸில் 1902 செப்டம்பர் 29 அன்னிக்கு எமிலி ஜோலா செத்துப் போனார். டிரைஃபஸ் வழக்கில் 'நான் குற்றம் சாட்டுகிறேன்'னு 1898-ல் எழுதி நாட்டையே உலுக்கினவர். பாரிஸ் வீட்டில் கணப்பு மூட்டித் தூங்கினார். புகைபோக்கி அடைத்திருந்தது. மனைவி பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. புகைபோக்கி இருந்தும் இந்தக் கதி.

ஏன் இப்படி ஆகுதுன்னு அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. நிலக்கரி வாயு ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடிச்சுக்குதுன்னு 1850-களில் கிளாட் பெர்னார்டு பிரான்ஸில் காட்டினார். ஹீமோகுளோபினோட ஆக்சிஜன் ஒட்டுவதை விட இது 200 மடங்குக்கு மேல் இறுக்கமா ஒட்டும். 1890-களில் ஜே.எஸ்.ஹால்டேன் இதைத் தன் உடம்பிலேயே சோதிச்சுப் பார்த்தார். சுரங்கத்துக்குள் சின்னப் பறவையைக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். மனுஷனுக்கு முன்னாடி அது மயங்கி விழும், ஓடித் தப்பிக்கலாம்.

இதில் வேடிக்கை என்னன்னா, புகை நமக்கு நல்லது செய்யுது. கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவோம். ஜுவாலை அடங்கின கனல்தான் ஆளைக் கவுக்கும். கனன்று எரியும் கரி இந்த வாயுவை நிறையவே விடும். நிறம் இல்லை, வாசனை இல்லை, உறுத்தல் இல்லை. முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், அப்புறம் 'கொஞ்சம் படுத்தா சரியாயிடும்'னு ஒரு அசதி. படுத்தா அவ்வளவுதான். நாங்க கரெக்டா அந்த வரிசையில்தான் போயிட்டு இருந்தோம்.

கூரை வீட்டுப் பழக்கத்தைப் பெட்டி வீட்டுக்குள் கொண்டுபோறது எங்க வீட்டோட முடியலை. 2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன ரெண்டு இளைஞர்கள், சமைத்த கரி அடுப்பை ரூமுக்குள்ளேயே வைத்துத் தூங்கிச் செத்துப் போனதைப் பேப்பரில் படிச்சிருப்பீங்க. அந்தச் செய்தியை ஆகஸ்டில் படிச்சு உச்சுக் கொட்டிட்டு, நவம்பரில் அதையே செஞ்சேன் நான். செய்தி வேற, நம்ம வீடு வேறன்னு ஒரு நினைப்பு.

அன்னிக்கு ராத்திரி மீதி என்ன ஆச்சுன்னு சொல்லி முடிச்சுடறேன். வாளி அடுப்பு தாழ்வாரத்துக்கே திரும்பப் போச்சு. நடுங்கிக்கிட்டே ஆயா சுவரோரம் உட்கார்ந்து உத்தரவு போட ஆரம்பிச்சாங்க. தோட்டத்தில் இருந்து நாலு செங்கல் எடுத்துட்டு வாடா. நனைஞ்ச கல்லு சூட்டுல வெடிக்கும், மூலையில மேல கெடக்குற காஞ்ச கல்லா பாத்து எடு. அதை அடுப்பு மேல் அடுக்கிச் சூடு பண்ணி, பழைய புடவையில் ரெண்டு மூணு சுத்துச் சுத்தி ஆயாவோட கால்மாட்டில் வைத்தோம். மாட்டுக்கு வாங்கி வெச்சிருந்த தவிட்டை வாணலியில் வறுத்துத் துணியில் முடிஞ்சு முதுகுக்கு ஒத்தடம். தம்பி மனைவி வெந்நீர் போட்டு பாட்டிலில் ஊத்தி, தன் கையில் வெச்சுச் சூடு பார்த்து, துணி சுத்திக் குழந்தைப் பக்கத்தில் வெச்சாங்க. குழந்தையோட துணிகளை ஒவ்வொண்ணா அடுப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுக் காய வைச்சது நான். விடிய விடிய ஆள் மாத்தி ஆள் செங்கல்லை மாத்திக்கிட்டே இருந்தோம். ஜன்னல் ஒரு சாண் திறந்தே இருந்தது. சூடு உள்ளே வந்தது, நெருப்பு வெளியிலேயே இருந்தது.

தவிட்டு ஒத்தடம், உப்பு ஒத்தடம், சுட்ட செங்கல்... சின்ன வயசில் பார்த்ததுதான். பாட்டி வைத்தியம்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். தடவும் கும்மட்டியும் எவ்வளவு பழசோ, இதுவும் அந்த அளவுக்குப் பழசாத்தான் இருக்கணும். நாம சட்டியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டோம்.

பொழுது விடிஞ்சு மழை கொஞ்சம் விட்டப்போ ஆயா கேட்டாங்க: "புள்ள பால் குடிச்சுதா?" குடிச்சுது.

டிஸ்கி: அடுத்த புயலுக்கு முன்னாடி இதைப் படிக்கிற ஒருத்தராவது பரணில் காய்ஞ்ச விறகோடு நாலு காய்ஞ்ச செங்கல்லும் எடுத்து வையுங்க. அடுப்பு வாசப்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, புகை இருந்தாலும் இல்லாட்டியும். தப்பித்தவறி நெருப்பு இருக்கிற ரூமில் ரெண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தா காரணம் யோசிச்சிட்டு இருக்காதீங்க, முதல்ல வெளியே ஓடுங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்க ஊரில் கணப்புச் சட்டிக்கு வேறு பேர் இருந்தா, வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்க.